கடதாசியில் ஒரு துவக்கு, கையில் இன்னொன்று

மாத்தளைக் கச்சேரிப் பக்கமாக ஒரு சிறிய மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். பிறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழை, காணிப் பிணக்கு, ஊழியர் சேமலாப நிதி, தொலைந்துபோன அடையாள அட்டை என்று வருகிறவர்களுக்குச் சிங்களத்தில் எழுதிக் கொடுப்பேன். அவர்களுக்குச் சிங்களத்தில் வந்த கடிதங்களைத் தமிழில் வாசித்துச் சொல்வேன். வருடத்தில் பத்துப் பதினைந்து துவக்குக் கடதாசிகளும் வரும். பெரும்பாலும் அவை பயிர்ப் பாதுகாப்புக்காக வைத்திருக்கும் ஷொட்கன் அனுமதியைப் புதுப்பிக்கிற வேலை.

2024 நவம்பர் தொடக்கத்தில் வந்தவர் வேறு வகை. மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கும் முதலாளி. 1983 ஜூலையில் அவருடைய தகப்பனாரின் கடை எரிந்தது. கையில் காசோடு கிராமம் கிராமமாகப் போகிற தொழில் என்பதால், தற்பாதுகாப்புக்கென அனுமதி பெற்று ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்தார்.

“மாஸ்டர், பேப்பர்ல வந்ததப் பாத்தீங்களா? எல்லாரும் பிஸ்டல ஒப்படைக்கணுமாம். எனக்கு ஒரு கடிதம் எழுதணும். ஆனா என்ன எழுதுறதுன்னு தெரியல்ல” என்றார்.

தனிப்பட்ட பாதுகாப்புக்காகப் பொதுமக்களுக்கு வழங்கிய துப்பாக்கிகளை நவம்பர் 7க்கு முன் ஒப்படைக்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சு அப்போது அறிவித்திருந்தது. மீளாய்வு செய்து, தேவையானவர்களுக்குத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். ஒப்படைக்கும் இடம் வெலிசறைக் கடற்படை முகாமில் இருந்தது. இதில் எழுத என்ன இருக்கிறது, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பற்றுச்சீட்டு வாங்கி வர வேண்டியதுதானே என்று நினைத்தேன். அவர் அனுமதிப்பத்திரத்தை மேசையில் வைத்தார். பிறகு தொலைபேசியில் எடுத்த படங்களைக் காட்டினார். அப்போதுதான் சிக்கல் விளங்கியது.

அது ஒரு 9 மில்லிமீற்றர் செமி ஒட்டோமட்டிக் பிஸ்டல். முதலாளி அதைப் புதிதாக வாங்கவில்லை. இன்னொரு அனுமதிக்காரர் பாவித்ததை, முறைப்படி அனுமதி எடுத்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவர். கைப்பிடிச் சட்டகத்தில் இருந்த எண் கடதாசியில் இருந்த எண்தான். ஆனால் மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைட் என்ற பகுதியில் எண்ணே இல்லை. குழலில் வேறொரு கொம்பனியின் பெயர் இருந்தது. குறிபார்க்கும் முனைகளில் பச்சைப் புள்ளிகள் மின்னின. விசையும் வேறு நிறம்.

“வாங்கக்குள்ளேயே இப்பிடித்தான் இருந்துச்சு மாஸ்டர். வடிவா இருந்துச்சு, புது மொடல்னு நெனச்சேன். அது பாட்டுக்கு அலுமாரிக்குள்ள கிடந்துச்சு” என்றார். முன்னைய உரிமையாளர் உயிரோடு இல்லை. கழற்றிய பழைய பாகங்கள் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

கடதாசியில் ஒரு துவக்கு இருந்தது. அவர் கையில் இருந்ததில் பாதிதான் அந்தத் துவக்கு.

பாகம் மாற்றுவது என்றால் என்ன

படங்களை என் மருமகன் ஒருவனுக்கு அனுப்பிக் கேட்டேன். அவன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே துவக்கு வைத்திருப்பவர்களோடு பழக்கம் உண்டு. “மாமா, இது இங்க சாதாரண விஷயம்” என்றான். பாவித்த பிஸ்டல் ஒன்றை மலிவாக வாங்குவார்களாம். பிறகு வேறு கொம்பனிகள் செய்து விற்கும் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பூட்டுவார்களாம். மோட்டார் சைக்கிளுக்கு வேறு சைலன்சரும் கண்ணாடியும் போடுகிற மாதிரி.

இது அங்கே இலகுவாக நடப்பதற்குக் காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1968ஆம் ஆண்டின் அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, எண் பொறிக்கப்பட்ட சட்டகம்தான் ‘துப்பாக்கி’. விற்பனைப் பதிவு, பின்னணிச் சோதனை எல்லாம் அதற்குத்தான். குழல், ஸ்லைட், ஸ்பிரிங், விசை ஆகியவை பெரும்பாலும் வெறும் சாமான்கள், தபாலில் வரும். அங்கேயும் தாண்டக்கூடாத கோடு ஒன்று உண்டு. செமி ஒட்டோமட்டிக் என்றால் விசையை ஒருமுறை அழுத்த ஒரு வெடிதான். அழுத்திப் பிடித்திருக்கும் வரை வெடித்துக்கொண்டிருப்பது முழுத் தானியங்கி. முதலாவதை இரண்டாவதாக மாற்றுகிற எதையும் அமெரிக்கச் சட்டம் இயந்திரத் துப்பாக்கியாகவே பார்க்கிறது. அதற்குப் பல வருடச் சிறை.

நம்மவர்கள் அதிகமாக வாழும் மற்ற நாடுகளில் நிலைமை வேறு. பிரித்தானியாவில் 1996இல் டன்பிளேன் பாடசாலையில் பிள்ளைகள் சுட்டுக் கொல்லப்பட்ட பின், 1997இல் கைத்துப்பாக்கிகள் ஏறக்குறைய முழுமையாகத் தடை செய்யப்பட்டன. அங்கே குழல் போன்ற முக்கியமான பாகங்களும் துப்பாக்கியைப் போலவே கட்டுப்படுத்தப்படுகின்றன. கனடாவில் 2022 ஒக்டோபர் 21 முதல் தனியார் கைத்துப்பாக்கிகளை வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் நிறுத்தப்பட்டன. ஆகவே யூடியூப்பில் ஒருவர் மேசையில் பாகங்களைப் பரப்பி வைத்துச் சிரித்துக்கொண்டு பூட்டுவதைப் பார்க்கும்போது, அவர் எந்த நாட்டுச் சட்டத்துக்குள் இருந்து அதைச் செய்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இங்கே சட்டம் பார்க்கும் விதம்

இலங்கையில் அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம். நூறு வருடத்துக்கு மேல் பழையது. பல தடவை திருத்தப்பட்டது. அதன் கணக்கு எளியது. துவக்கு என்பது ஆளுக்குச் சொந்தமான மற்றச் சாமான்களைப் போன்றதல்ல. இன்ன ஆள், இன்ன எண் உள்ள இன்ன துவக்கை, இன்ன காரணத்துக்காக, இன்ன வருடம் வரை வைத்திருக்கலாம் என்று அரசு தரும் அனுமதி மட்டும்தான் உண்டு. அந்த நான்கில் ஒன்று மாறினாலும் கடதாசி செல்லாக் கடதாசி ஆகலாம்.

வயலுக்கும் தோட்டத்துக்கும் காவலாக வைத்திருக்கும் ஷொட்கனுக்கு மாவட்டச் செயலாளர் அனுமதி தருகிறார். கிராம அலுவலர், பிரதேச செயலகம், பொலிஸ் என்று அறிக்கைகள் போய் வர வேண்டும். பிஸ்டல், ரிவோல்வர் போன்றவற்றுக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். இரண்டையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். துவக்குச் செய்வதற்கும், விற்பதற்கும், பழுது பார்ப்பதற்கும் தனித்தனி அனுமதி உண்டு. வீட்டு மேசையில் வைத்து ஒருவர் தன் பிஸ்டலைக் கழற்றி வேறு பாகம் பூட்டுவதற்கு இந்தக் கட்டமைப்பில் இடமே இல்லை. வெளிநாட்டிலிருந்து பாகம் வரவழைப்பதும் அப்படித்தான். துப்பாக்கியும் அதன் உதிரிப் பாகங்களும் கட்டுப்படுத்தப்பட்ட இறக்குமதிப் பொருட்கள். பொதியில் ‘விளையாட்டுச் சாமான்’ என்று எழுதி அனுப்பினால், சுங்கத்தில் அகப்படுபவர் அனுப்பியவர் அல்ல, பெற்றுக்கொள்ளப் போனவர்.

தண்டனை எந்த அளவுக்குப் போகும் என்பதை 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் காட்டும். தானியங்கித் துப்பாக்கியையோ ரிப்பீட்டர் ஷொட்கனையோ அனுமதியின்றி வைத்திருந்தால் ஆயுள் தண்டனை. ரி-56 வைத்திருந்த வழக்குகளில் ஆயுள் தண்டனை கொடுத்த தீர்ப்புகளைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். கைப்பற்றிய பொருள் சட்டத்தின் பார்வையில் எந்த வகைத் துவக்கு என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பது அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம். அதாவது, “இது சும்மா அழகுக்குப் பூட்டியது” என்று நாம் சொல்வது முடிவல்ல.

தமிழருக்கு இன்னொரு சட்டத்தின் நிழலும் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, பாதுகாப்புப் பிரதேசத்துக்குள் உரிய அதிகாரமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதையும் குற்றமாகச் சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டத்தில் உள்ளே போனவர்களின் குடும்பங்கள் இதை வாசிக்கிறவர்களில் இருப்பீர்கள். ஒரே பொருள், ஒரே தவறு. ஆனால் யாருடைய வீட்டில் அகப்பட்டது என்பதைப் பொறுத்து அதன் பெயர் மாறும். முதலாளியின் பயமும் அதுதான். “சிங்கள ஆளுன்னா விளக்கம் கேப்பாங்க. நம்மளன்னா எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க” என்றார்.

அழகுக்கு அப்பால் உள்ள ஆபத்து

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், பாவித்த பிஸ்டலுக்கு வேறு பாகம் போடுவது மோட்டார் சைக்கிளுக்குக் கண்ணாடி போடுவது மாதிரி இல்லை.

செமி ஒட்டோமட்டிக் பிஸ்டல் ஒவ்வொரு வெடிக்கும் தானே தன்னைத் திறந்து மூடுகிறது. ரவை வெடித்த விசையில் ஸ்லைட் பின்னுக்குப் போகும். வெற்றுக் கோது வெளியே பறக்கும். ஸ்பிரிங் ஸ்லைட்டைத் திரும்ப முன்னுக்குத் தள்ளும்போது அடுத்த ரவை குழலுக்குள் ஏறும். கண் இமைப்பதற்குள் நடக்கும் இந்த வேலையில் ஸ்லைட்டின் பாரம், ஸ்பிரிங்கின் பலம், குழல் பூட்டும் இடம், விசைக்கும் ஊசிக்கும் இடையில் நிற்கும் பாதுகாப்புத் தடைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று அளவு வைத்துச் செய்தவை. பழைய துவக்கில் இவை ஏற்கெனவே தேய்ந்திருக்கும். அதில் ஒன்றை மட்டும் வேறு கொம்பனியுடையதாக மாற்றினால், மிச்சம் எப்படி நடந்துகொள்ளும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நெரிசல் வரலாம். இறுக்கமாகப் பூட்டுவதற்கு முன் வெடிக்கலாம். கை தவறி விழுந்தாலே வெடிக்கலாம்.

இது நான் கற்பனை செய்து பயமுறுத்துவதல்ல. அமெரிக்க இராணுவம் 2017 ஜனவரியில் தன் புதிய கைத்துப்பாக்கியாகத் தெரிவு செய்தது சிக் சோவர் பி320 வகையை. அதே வருடம் ஓகஸ்டில், பொதுமக்களுக்கு விற்ற பி320கள் சில கோணங்களில் கீழே விழும்போது வெடிக்கலாம் என்ற முறைப்பாட்டின் பின், அவற்றைத் திருப்பி வாங்கி விசைப் பகுதியை மாற்றிக் கொடுப்பதாக அந்தக் கொம்பனி அறிவித்தது. பொறியியலாளர்களும் சோதனைக் கூடமும் வைத்திருப்பவர்களே தாம் செய்த துவக்கில் இதைப் பிந்தித்தான் கண்டுபிடித்தார்கள். அலுமாரிக்குள் கிடந்த, யார் பூட்டியது என்றே தெரியாத ஒன்றை நாம் எப்படி நம்புவது? முதலாளியின் பேரப்பிள்ளைகள் அந்த அலுமாரிக்குப் பக்கத்தில்தான் விளையாடினார்கள்.

கடதாசியே இல்லாத துவக்கு

மாத்தளையில் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர். இந்த மாவட்டத்தின் உண்மையான துவக்குக் கதை வேறு இடத்தில் இருக்கிறது.

லக்கலை, வில்கமுவ, நாவுல, இரத்தோட்டைப் பக்கங்களில் பயிர் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பன்றி, குரங்கு, முள்ளம்பன்றி, மயில், மலை அணில். இரவெல்லாம் காவல் இருந்தும் காலையில் மரவள்ளிக் கிழங்கு மண்ணுக்கு மேலே கிடக்கும். 2024 கடைசியில் குரங்குகளுக்குக் கருத்தடை செய்யும் முன்னோடித் திட்டத்துக்கு மாத்தளை மாவட்டத்தைத் தெரிவு செய்தார்கள் என்றால் தொல்லை எவ்வளவு என்று விளங்கும். அனுமதி எடுத்து ஷொட்கன் வாங்கக் காசும் காணி உறுதியும் வேண்டும். தோட்டத் தொழிலாளிக்குத் தன் பெயரில் காணியே இல்லை. அப்போது ஊரில் ஒரு குரல் வரும்: “ஒரு சாமான் இருக்கு, வேணுமா?”

அந்தச் சாமான் கல்கட்டாஸ். சிங்களக் கிராமங்களில் உள்ளூர்ப் பட்டறையில் செய்யும் கள்ளத் துவக்குக்கு அந்தப் பெயர். 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சிக்காரர்கள் பொலிஸ் நிலையங்களைத் தாக்கியபோது பலர் கையில் இருந்ததும் இந்த வகைதான். வன்னியில் நாம் இடியன் துவக்கு என்று சொல்வதற்கு இது ஒன்றுவிட்ட சகோதரம். இதைவிடக் கொடியது கட்டுத்துவக்கு. அதைப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்பதில்லை. பன்றி வரும் தடத்தில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள். கம்பியைத் தட்டுவது பன்றியா, விறகுக்குப் போன பெண்ணா என்று அதற்குத் தெரியாது. பன்றியின் உயரத்துக்குக் கட்டுவதால் மனிதரில் காயம் பெரும்பாலும் காலில்தான்.

இதைத் தெரிந்தவனாக எழுதுகிறேன். எங்கள் குடும்பம் 1977 ஓகஸ்ட் வன்செயலில் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் போனது. மாத்தளை, கண்டிப் பக்கத்திலிருந்து அப்படிப் போன மலையகக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். காடு வெட்டிக் குடியேறிய இடத்திலேயே யுத்தம் எங்களைப் பிடித்தது. ஜொனி மிதிவெடியில் கால் போனவர்களை அங்கே பார்த்து வளர்ந்தேன். முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு 2010இல் மனைவி பக்கத்து உறவை நம்பித் திரும்பவும் மாத்தளைக்கு வந்தேன். ஆறு வருடம் கழித்து, மிளகுக் கொடி பார்க்கப் போன என் மைத்துனர் ஒரு கட்டுத்துவக்கில் அகப்பட்டார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். யுத்தத்தில் ஒரு கீறல் இல்லாமல் தப்பியவர் அவர்.

பொலிஸார் வந்து துவக்கை எடுத்துப் போனார்கள். இரும்புக் குழாய், கட்டை, கம்பி. எண் இல்லை, பெயர் இல்லை. யார் கட்டியது என்று ஊருக்குத் தெரியும். ஆனால் சொல்ல ஒருவரும் இல்லை. முறைப்பாட்டை எழுதியது நான்தான். ‘எதிராளி’ என்ற இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதினேன். அன்றுதான் ஒரு துவக்கில் பொறித்த எண்ணுக்கு என்ன பொருள் என்று எனக்கு விளங்கியது. அந்தத் துவக்குக்காகப் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்பதுதான் அந்த எண்.

பிஸ்டலின் பாகங்களை மாற்றுவதன் உண்மையான கெடுதலும் அங்கேதான் இருக்கிறது. ஒரு துவக்கிலிருந்து வெளிவந்த ரவையிலும் கோதிலும் அதன் பாகங்கள் விட்ட அடையாளம் இருக்கும். எண் பல துவக்குகளில் சட்டகம், ஸ்லைட், குழல் என்று மூன்று இடத்திலும் இருக்கும். ஒவ்வொரு பாகமும் மாற மாற, அந்தத் துவக்குக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் கொஞ்சம் கொஞ்சமாக மறைகிறார். மாற்றியவருக்குக் கெட்ட எண்ணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவருக்குப் பின் வாங்குகிறவர் யார், களவெடுத்துப் போகிறவர் யார் என்று அவருக்குத் தெரியாது. நம் வீடுகளில் எத்தனையோ பேரைச் சுட்ட துவக்குகளுக்கு இன்று வரை பதில் சொல்ல ஆள் இல்லை. அந்த வலி தெரிந்தவர்கள் இதைச் சின்ன விஷயமாக நினைக்க முடியாது.

ஒப்படைப்பின் நீண்ட கதை

கடதாசி என்றால் நல்லது, கடதாசி இல்லாவிட்டால் கெட்டது என்று இதை முடித்துவிடவும் முடியாது. அந்தக் கடதாசியை வைத்திருப்பவர் யார் என்ற கேள்வி மாத்தளைக்குப் பழையது.

1848 ஜூலை 1 முதல் ஆளுநர் டொரிங்டனின் அரசு துவக்கு, நாய், வண்டி, கடை ஆகியவற்றுக்கு வரி போட்டது. ஒரு துவக்குக்கு வருடம் இரண்டரை ஷில்லிங். துவக்கைப் பதிவு செய்யக் கச்சேரிக்கு வர வேண்டும். பன்றிக்கும் யானைக்கும் காவலாகத் துவக்கு வைத்திருந்த கமக்காரனுக்கு அது பாதுகாப்பாகத் தெரியவில்லை, பறிப்பாகத் தெரிந்தது. அந்த மாதக் கடைசியில் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா மன்னராக முடி சூட்டப்பட்டார். அவருடைய ஆட்கள் மாத்தளைக்கு வந்து கச்சேரியைத் தாக்கி வரிப் பதிவேடுகளை அழித்தார்கள். வீர புரன் அப்புவை ஓகஸ்ட் 8இல் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். கொங்காலேகொட பண்டாவை மலாக்காவுக்கு நாடு கடத்தினார்கள். அடக்குமுறை அளவு மீறியதாக லண்டனில் கேள்வி எழுந்து, 1850இல் டொரிங்டனும் திருப்பி அழைக்கப்பட்டார். நான் மனு எழுதுகிற ஊரின் கதை இது.

ஒப்படைப்பு என்ற சொல்லும் நமக்குப் புதிதல்ல. 1987 ஜூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தம் 72 மணித்தியாலத்தில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னது. ஓகஸ்ட் 5இல் பலாலியில் அடையாளமாகச் சில ஆயுதங்கள் கையளிக்கப்பட்டன. இரண்டு மாதத்தில் யுத்தம் திரும்ப வந்தது. 2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த உடன்படிக்கையின் 1.8ஆம் பிரிவு, தமிழ்த் துணைப்படைகளின் ஆயுதங்களை அரசு 30 நாளில் களைய வேண்டும் என்றது. அதற்குப் பிறகும் வடக்கிலும் கிழக்கிலும் வாகனத்தில் வந்தவர்கள் கையில் என்ன இருந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பன்றி விரட்ட ஒரு ஷொட்கன் கேட்ட மீள்குடியேறிய விவசாயி பத்துக் கடதாசிக்கு அலைந்தார். அவர்களிடம் ஒருவரும் எண் கேட்கவில்லை.

ஆகவே கடதாசியை நம்புங்கள் என்று நான் சொல்லவில்லை. நம்மிடம்தான் கடதாசி கேட்பார்கள், அதனால் நம் கடதாசிக்கும் கையில் இருப்பதற்கும் இடையில் ஒரு நூல் இடைவெளியும் இருக்கக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது

அனுமதி உள்ள ஒருவரிடமிருந்து பாவித்த துவக்கு வாங்குகிறீர்களா? கையில் வாங்குவதற்கு முன் மாற்றுவதற்கான அனுமதி எழுத்தில் வர வேண்டும். கொம்பனிப் பெயர், அளவு, எண் ஆகிய மூன்றும் கடதாசியோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொரு பாகத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். அதை அனுமதி பெற்ற துவக்கு வியாபாரியிடம் செய்விக்க வேண்டும். ஒன்று பொருந்தாவிட்டாலும் விட்டுவிடுங்கள். மலிவு என்பதுதான் அதன் விலை கூடக் காரணம்.

ஏற்கெனவே உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் கழற்றாதீர்கள், மாற்றாதீர்கள், ஒளிக்காதீர்கள், யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

தகப்பனார் இறந்து அவருடைய ஷொட்கன் வீட்டில் இருந்தால், அது முதுசம் இல்லை. அனுமதி அவரோடு முடிந்தது. பொலிஸுக்கு அறிவித்துக் கையளித்துவிட்டு, தேவை என்றால் உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு: கைப்பிடி உறை என்றாலும், ஸ்பிரிங் என்றாலும், ‘சும்மா ஒரு சின்னச் சாமான்’ என்றாலும் அனுப்பாதீர்கள். கொண்டும் வராதீர்கள்.

வன்னியில் காணி துப்புரவாக்கும்போது ஆயுதமோ அதன் துண்டோ வந்தால் தொடாமல் இடத்தை அடையாளம் வைத்துவிட்டு, கிராம அலுவலரையும் கூட்டிக்கொண்டு பொலிஸுக்கு அறிவியுங்கள். 119க்கும் எடுக்கலாம். தனியாகப் போகாதீர்கள். போன நேரத்தையும் சொன்னதையும் எழுதி வையுங்கள். விசாரணை என்ற பெயரில் கரைச்சல் வந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பன்றிக்குக் கட்டுத்துவக்குக் கட்டுகிறவர்களுக்கு நான் சட்டம் சொல்வதில்லை. என் மைத்துனரைக் கூட்டிக்கொண்டு போய் முன்னால் இருத்துவேன்.

முதலாளியின் கடிதம்

முதலாளியை அன்றே ஒரு சட்டத்தரணியிடம் அனுப்பினேன். இடையில் ஒருவர், எண் இல்லாத ஸ்லைட்டில் எண் அடித்துத் தருகிறேன் என்று அவரிடம் வந்திருக்கிறார். எண்ணை அடிப்பதும் அழிப்பதும் ஒரு விளக்கத்தை ஒரு குற்றமாக மாற்றிவிடும் என்று சட்டத்தரணி சொல்லி நிறுத்தினார். நல்ல காலம்.

அவர் சொன்ன வரிசையில் நான் கடிதம் எழுதினேன். துவக்கை எந்த வருடம் யாரிடமிருந்து எந்த அனுமதியின் கீழ் பெற்றார், பெற்ற நாளில் அது எப்படி இருந்தது, தான் எதையும் மாற்றவில்லை, மாறியிருப்பதை இப்போது அறிந்ததும் தானே அறிவிக்கிறார். ஒரு பக்கம்தான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மாற்றுச் செய்தபோது எடுத்த பழைய கடதாசியின் பிரதி அவரிடம் இருந்தது. அது இல்லாவிட்டால் அந்த ஒரு பக்கத்துக்கு எந்தப் பாரமும் இருந்திருக்காது.

துவக்கை ஒப்படைத்தார். வாக்குமூலம் எடுத்தார்கள். பிறகும் இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டார்கள். முன்னைய உரிமையாளரின் மகனையும் கேட்டார்கள். இதை எழுதும் வரை அவர் மேல் வழக்கு இல்லை. முடிந்துவிட்டது என்று யாரும் எழுதித் தரவும் இல்லை.

போன வாரம் மேசைக்கு வந்து பற்றுச்சீட்டைக் காட்டினார். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். பிஸ்டலைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பிக்க விருப்பமா என்று கேட்டேன்.

“வேணாம் மாஸ்டர். எங்க அப்பாவோட கடை எரிஞ்சப்போ இது இருந்திருந்தாலும் ஒன்னும் நடந்திருக்காது. இந்த ஒரு வருஷமா ராத்திரில நான்தான் அதுக்குக் காவல் இருந்தேன்” என்றார்.

பற்றுச்சீட்டை இரண்டு பிரதி எடுத்துத் தரச் சொன்னார். ஒன்று வீட்டுக்கு. மற்றது, தனக்கு ஏதும் நடந்தால் காட்டுவதற்கு, மகளிடம் கொடுத்து வைக்க.